எதை வாங்குவது, எதை வைத்துக்கொள்வது: சட்டப் பல்கலைக்கழக நூலகத்தின் சேகரிப்பு

ஒரு சட்டப் பல்கலைக்கழகம் தன் நூலகத்துக்கு எவற்றை வாங்க வேண்டும், எவற்றை வாங்காமல் விடலாம், வாங்கியவற்றில் எவற்றை என்றைக்கும் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற மூன்று கேள்விகளுக்கும் சேர்த்துச் சொல்லும் விடைதான் சேகரிப்புக் கொள்கை. மூன்றில் மூன்றாவதே கடினமானது. 1882இல் இயற்றப்பட்ட சொத்து மாற்றுச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. நூறு ஆண்டுகளுக்கு முன் உயர் நீதிமன்றம் அச்சட்டத்துக்குத் தந்த விளக்கம் இன்றைய வழக்கிலும் எடுத்துக்காட்டப்படுகிறது. அதே அலமாரியில் சென்ற ஆண்டு வாங்கிய வருமான வரிக் கையேடு, அடுத்த நிதிச் சட்டம் வந்ததும் வாசகர் கைக்கு ஆபத்தான புத்தகமாகிவிடுகிறது. வெளியான ஆண்டை மட்டும் பார்த்து எதையும் சேர்க்கவோ கழிக்கவோ முடியாத துறை சட்டம்.

சென்னை ராஜா அண்ணாமலைபுரத்தில் இந்தக் கேள்விக்குத் தனி எடை உண்டு. பழைய கிரீன்வேஸ் சாலைப் பகுதியில், இப்போது டாக்டர் டி.ஜி.எஸ். தினகரன் சாலை என்று வழங்கும் இடத்தில், ‘பூம்பொழில்’ வளாகத்தில் தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதுவரை வெவ்வேறு பல்கலைக்கழகங்களின் கீழ் இருந்த சட்டக் கல்லூரிகளை ஒரே குடைக்கீழ்க் கொண்டுவர 1997இல் தொடங்கப்பட்டது அது. அதன் சீர்மிகு சட்டப் பள்ளி 2002இல் உருவாகி, இன்று பெருங்குடி வளாகத்தில் நடக்கிறது. ராஜா அண்ணாமலைபுரத்திலேயே பி.எஸ். குமாரசாமி ராஜா சாலையில் தமிழ்நாடு மாநில நீதித்துறைப் பயிலகம் உள்ளது. ஐந்தாண்டுப் படிப்பில் சேர்ந்த பதினெட்டு வயது மாணவர், முனைவர் பட்ட ஆய்வாளர், பயிற்சிக்கு வரும் நீதிபதி என மூன்று விதமான வாசகர்களின் தேவை ஒரே நகருக்குள் குவிகிறது.

இவர்கள் கேட்பது ஒன்றல்ல. முதலாண்டு மாணவருக்குப் பாடநூலும் ‘பேர் ஆக்ட்’ எனப்படும் வெறும் சட்ட வாசகமும் பல படிகள் வேண்டும். ஐந்தாண்டுப் படிப்பில் அரசியல், சமூகவியல், பொருளாதாரம் ஆகியவையும் பாடங்கள் என்பதால் அத்துறை நூல்களும் வேண்டும். இறுதியாண்டு மாணவர் அகில இந்திய வழக்கறிஞர் தேர்வுக்கும், தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் உரிமையியல் நீதிபதி தேர்வுக்கும் நூல் கேட்பார். மாதிரி நீதிமன்றப் போட்டிக்குப் போகும் அணி பன்னாட்டுச் சட்ட நூல்களைத் தேடும். ஆய்வாளருக்கோ ஒரே ஒரு படி போதும். ஆனால் அது வேறெங்கும் கிடைக்காததாக இருக்கும்.

விதி கேட்கும் குறைந்த அளவு

இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் 2008ஆம் ஆண்டுச் சட்டக் கல்வி விதிகள், மூன்றாம் அட்டவணையில், நூலகத்துக்குக் குறைந்த அளவு ஒன்றை வகுத்துள்ளன. ஏ.ஐ.ஆர். மேனுவல், மத்திய, மாநிலச் சட்டங்கள், கிரிமினல் லா ஜர்னல், சுப்ரீம் கோர்ட் கேசஸ் (எஸ்.சி.சி.), கம்பெனி கேசஸ், இந்தியன் பார் ரிவியூ, தொழில் நெறி பற்றிய தேர்ந்த தீர்ப்புகள், குறைந்தது பத்து ஆண்டுக்கான பின்தொகுதிகள் ஆகியவை இருக்க வேண்டும். பதிவு பெற்ற மாணவர் ஒருவருக்குப் பத்து நூல் என்ற விகிதத்தில் பாடநூல்கள் வேண்டும். ஆண்டுதோறும், மூன்றாண்டு, ஐந்தாண்டுப் படிப்புகளில் ஒன்றை மட்டும் நடத்தும் கல்லூரி ஐம்பதாயிரம் ரூபாயும், இரண்டும் நடத்தும் கல்லூரி ஒரு லட்சமும் நூலகத்துக்குச் செலவிட வேண்டும். மாணவர் எண்ணிக்கையில் கால் பங்கினர் உட்கார்ந்து படிக்க இடமும் வேண்டும்.

புதிதாகத் தொடங்கும் கல்லூரி வெறும் கட்டடத்தோடு நின்றுவிடாமல் இந்த விதி காக்கிறது. அந்த மட்டில் அது நன்மையே. ஆனால் இதையே கொள்கையாக எடுத்துக்கொள்ளும் நூலகம் கெட்டுப்போகும். ஐம்பதாயிரம் ரூபாய் இன்று ஒரு தரவுத்தளத்தின் நிறுவனச் சந்தாவுக்கே போதாது. மாணவருக்குப் பத்து நூல் என்ற கணக்கை நிரப்ப எளிய வழி, விலை மலிந்த வினா-விடைக் கைடுகளைக் கட்டுக்கட்டாக வாங்கி அடுக்குவது. ஆய்வுக் குழு வரும் நாளில் எண்ணிக்கை சரியாக இருக்கும். மறுநாள் மாணவர் கேட்கும் நூல் இருக்காது. பத்து ஆண்டுப் பின்தொகுதி என்ற வரம்பும் சட்டப் படிப்புக்கு மிகக் குறுகியது.

எண்ணிக்கையைத் தாண்டிச் சிந்திக்கக் கற்றுக்கொடுத்தவர் சென்னையிலேயே வேலை பார்த்தவர். சீ.இரா. அரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். 1931இல் வெளியான அவருடைய நூலக அறிவியலின் ஐந்து விதிகள் உலகெங்கும் நூலகப் படிப்பின் பாடமாயின. நூலும் வாசகரும் ஒருவரையொருவர் கண்டடைய வேண்டும் என்பதும், நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிரி என்பதும் அவ்விதிகளின் சாரம். அலமாரியில் தூங்கும் நூலும் கேட்டும் கிடைக்காத நூலும் ஒரே குறையின் இரு முகங்கள் என்பது இதிலிருந்து பிறக்கும் பாடம்.

அமெரிக்க ஆய்வு நூலகங்கள் இந்தச் சிந்தனைக்கு ஓர் அளவுகோலைச் சேர்த்தன. கான்ஸ்பெக்டஸ் எனப்படும் அம்முறையில் ஒவ்வொரு பொருளுக்கும் பூஜ்யம் முதல் ஐந்து வரை நிலை குறிக்கப்படும். பூஜ்யம் என்றால் அந்தப் பொருளில் எதையும் சேர்ப்பதில்லை. மூன்று என்றால் கற்பித்தலுக்குப் போதுமான அளவு. ஐந்து என்றால் முழுமையாகச் சேர்ப்பது. சென்னைச் சட்ட நூலகம் ஒன்று இந்த அளவுகோலை வைத்து உட்கார்ந்தால் விடைகள் தாமே வரத் தொடங்கும். அமெரிக்க ஒப்பந்தச் சட்டத்துக்கு ஒன்றோ இரண்டோ போதும். கடல்சார் சட்டத்துக்கு நான்கு கொடுக்கலாம். துறைமுக நகரம் என்பதோடு, 2017ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முன் கடல்வழக்கு அதிகாரம் பெற்றிருந்த பழைய மூன்று உயர் நீதிமன்றங்களில் சென்னையும் ஒன்று. தமிழ்நாட்டுச் சட்டத்துக்கு ஐந்துக்குக் குறைவாக எதையும் கொடுக்க முடியாது. அதைச் சென்னை சேர்க்காவிட்டால் வேறு யாரும் சேர்க்கப்போவதில்லை.

ஒரு தீர்ப்பு, பல தொகுதிகள்

சட்ட நூலகத்தில் பெரும்பகுதி இடத்தையும் பணத்தையும் விழுங்குபவை தீர்ப்புத் தொகுதிகள். சென்னையில் உயர் நீதிமன்றம் 1862இல் அமைந்தது. 1875ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தொடர்ந்து, அடுத்த ஆண்டிலிருந்து இந்தியன் லா ரிப்போர்ட்ஸ் வரிசையில் மெட்ராஸ் தொகுதிகள் வரத் தொடங்கின. மயிலாப்பூர் வழக்கறிஞர் வட்டத்தின் முயற்சியில் மெட்ராஸ் லா ஜர்னல் 1891இல் பிறந்தது. சென்னைச் சட்டக் கல்லூரி தோன்றியதும் அதே ஆண்டில்தான். ‘லா வீக்லி’ 1914இல் வந்தது. ஆல் இந்தியா ரிப்போர்ட்டர் (ஏ.ஐ.ஆர்.) தொகுதிகளும் 1914 முதலான தீர்ப்புகளைக் கொண்டவை. விடுதலைக்குப் பின் 1950இலிருந்து உச்ச நீதிமன்றத்தின் அதிகாரபூர்வ சுப்ரீம் கோர்ட் ரிப்போர்ட்ஸ் (எஸ்.சி.ஆர்.), 1969இலிருந்து எஸ்.சி.சி. இவற்றுக்கெல்லாம் முந்தி, லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போன இந்திய மேல்முறையீடுகளைத் தொகுத்த மூர்ஸ் இந்தியன் அப்பீல்ஸ் இருக்கிறது.

ஒரே தீர்ப்பு இவற்றில் பலவற்றில் அச்சாகியிருக்கும். செண்பகம் துரைராஜன் வழக்கை எடுத்துக்கொள்ளலாம். மெட்ராஸ் அரசின் வகுப்புவாரி ஆணையை எதிர்த்த அந்த வழக்கில் உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஏ.ஐ.ஆர். 1951 மெட்ராஸ் 120ஆம் பக்கத்தில் இருக்கிறது. உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஏ.ஐ.ஆர். 1951 எஸ்.சி. 226இலும், 1951 எஸ்.சி.ஆர். 525இலும் இருக்கிறது. அரசமைப்பின் முதல் திருத்தத்துக்கும் 15(4)ஆம் உட்பிரிவுக்கும் வழிவகுத்த தீர்ப்பு அது. பிற்காலத் தீர்ப்பு ஒன்று எந்த மேற்கோளைத் தருகிறதோ அந்தத் தொகுதியில்தான் மாணவர் போய்ப் பார்க்க வேண்டும். நூலகங்கள் எல்லாத் தொகுதிகளையும் வாங்கி வைத்ததற்கு இதுவே காரணம்; வீண்செலவு என்று அதைச் சொல்லிவிட முடியாது.

இந்தக் கட்டாயம் இப்போது தளர்ந்திருக்கிறது. 2023இல் நீதிமன்றங்கள் எந்தப் பதிப்பகத்தையும் சாராத நடுநிலை மேற்கோள் எண்ணைக் கொண்டுவந்தன. அதே ஆண்டு ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இ-எஸ்.சி.ஆர். வழியாகத் தன் தீர்ப்புத் தொகுதிகளை இலவசமாகத் திறந்துவிட்டது. அதற்கு முன்பே 2008 முதல் ‘இந்தியன் கானூன்’ இணையதளம் தீர்ப்புகளை யாரும் தேடிப் படிக்கும்படி தந்துவந்தது. மத்திய, மாநிலச் சட்டங்களுக்கு ‘இந்தியா கோட்’ இருக்கிறது. ஆகவே எல்லா வரிசைகளையும் அச்சில் தொடர்வதற்கான நியாயம் குறைந்துவிட்டது. ஒரு தேசிய வரிசையையும் ஒரு சென்னை வரிசையையும் முதல் தொகுதியிலிருந்து இடைவெளி இல்லாமல் அச்சில் வைத்துக்கொண்டு, மற்றவற்றை மின்வடிவில் பெறுவதே இன்றைய நிலையில் பொருத்தமான முடிவு. சென்னை வரிசைக்கு முன்னுரிமை தருவதற்குக் காரணம் உண்டு: 1920களின் மெட்ராஸ் லா ஜர்னல் தொகுதி ஒன்று காணாமற்போனால் அதைத் திரும்ப வாங்கக் கடை இல்லை.

பழைய தொகுதிகளின் தாளும் ஒரு கவலை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மரக்கூழ்த் தாளில் அமிலம் அதிகம். அடையாற்று முகத்துவாரத்தின் ஈரக்காற்று வீசும் பகுதியில் அது இன்னும் விரைவில் பழுத்து, புரட்டும்போதே ஓரம் ஒடிகிறது. மின்னுருவாக்கத்துக்கு எந்தத் தொகுதி முதலில் போக வேண்டும் என்பதும் சேகரிப்பு முடிவுதான். ஹார்வர்டு சட்ட நூலகம் தன்னிடமிருந்த சுமார் நாற்பதாயிரம் அமெரிக்கத் தீர்ப்புத் தொகுதிகளைப் பக்கம் பக்கமாக மின்னுருவாக்கி 2018இல் வெளியிட்டது. 2024இல் அதைத் தடையின்றி எல்லோருக்கும் திறந்துவைத்தது. தாள் வடிவத்தை முழுமையாகச் சேர்த்துவைத்திருந்ததால்தான் அது முடிந்தது.

சொந்தமா, வாடகையா

தரவுத்தளச் சந்தா என்பது நூல் வாங்குவது போன்ற வரவு அன்று. மனுபத்ரா, எஸ்.சி.சி. ஆன்லைன் போன்றவற்றுக்குக் கட்டும் பணம் பார்க்கும் உரிமைக்கான வாடகை. சந்தா நின்ற மறுநாள் நூலகத்திடம் எதுவும் மிஞ்சாது. எதற்குப் பணம் கட்டுகிறோம் என்பதையும் நூலகம் தெரிந்து வைத்திருக்க வேண்டும். தீர்ப்பின் வாசகத்தை யாரும் வெளியிடலாம் என்று 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(q) பிரிவு சொல்கிறது. ஈஸ்டர்ன் புக் கம்பெனிக்கும் டி.பி. மோடக்குக்கும் இடையிலான வழக்கில், (2008) 1 எஸ்.சி.சி. 1, உச்ச நீதிமன்றம் இதை விளக்கி, தலைக்குறிப்பு போன்று பதிப்பாசிரியரின் திறமையும் தீர்மானமும் கலந்த சேர்ப்புகளுக்கு மட்டுமே உரிமை உண்டு என்றது. சந்தாப் பணம் போவது தலைக்குறிப்புக்கும், தேடல் வசதிக்கும், எந்தத் தீர்ப்பு எதனால் மாற்றப்பட்டது என்று காட்டும் இணைப்புகளுக்கும்தான். ஆய்வுக்கு அவை மதிப்புள்ளவை. ஆனால் ஒன்றுக்கொன்று பெரிதும் ஒத்த மூன்று தளங்களுக்குச் சேர்த்துப் பணம் கட்டும் நூலகம், அந்தப் பணத்தில் வாங்கியிருக்கக்கூடிய நூல்களை இழக்கிறது.

ஒப்பந்தத்தில் கேட்க வேண்டியவை சில உண்டு. ஒரே நேரத்தில் எத்தனை பேர் உள்ளே போகலாம்? விடுதி அறையிலிருந்து பார்க்க முடியுமா? பெருங்குடி வளாகத்துக்கும் அதே சந்தா செல்லுமா? இணைவுபெற்ற கல்லூரி மாணவர்களைச் சேர்க்க முடியுமா? ஒப்பந்தம் முடிந்த பின், பணம் கட்டிய ஆண்டுகளின் உள்ளடக்கமாவது கைவசம் இருக்குமா? கடைசிக் கேள்விக்கு ‘ஆம்’ என்ற விடை அரிது. அதனாலேயே அதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

ஆய்விதழ்ச் செலவில் ஓரளவு சுமை குறைந்திருக்கிறது. மத்திய அமைச்சரவை 2024 நவம்பரில் ஒப்புதல் தந்த ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் மூன்று ஆண்டுகளுக்கு ஆறாயிரம் கோடி ரூபாயில், முப்பது பன்னாட்டுப் பதிப்பகங்களின் ஏறக்குறைய பதின்மூன்றாயிரம் இதழ்களை அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குத் திறக்கிறது. அது ஆய்விதழ்களுக்கான திட்டம். இந்தியத் தீர்ப்புத் தளங்களின் செலவு நூலகத்தின் தலையிலேயே இருக்கிறது.

இணையத்தில் இருக்கிறது என்பதால் எதையும் சேர்க்க வேண்டாம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. ஆனால் ஹார்வர்டில் நடந்த ஆய்வு ஒன்று, அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் காட்டப்பட்ட இணைய முகவரிகளில் பாதி, முதலில் காட்டிய தகவலுக்கு இட்டுச் செல்லவில்லை என்று கண்டது. அதற்கு மாற்றாக 2013இல் அங்கே பெர்மா என்ற நிலைக்காப்பகம் தொடங்கப்பட்டது. அரசாணைகளுக்கும் அரசுத் துறைச் சுற்றறிக்கைகளுக்கும் இதே ஆபத்து உண்டு. ஒரு துறையின் தளம் புதுப்பிக்கப்படும்போது பழைய முகவரிகள் செத்துப்போகின்றன. அரசாணையைக் கண்ட அன்றே இறக்கி, எண்ணும் நாளும் துறையும் குறித்துச் சேமிப்பது நூலகரின் அன்றாட வேலைகளில் ஒன்றாக வேண்டும்.

செத்த சட்டம் சாவதில்லை

2024 ஜூலை 1 அன்று இந்தியத் தண்டனைச் சட்டமும் குற்ற விசாரணை முறைச் சட்டமும் சாட்சியச் சட்டமும் போய், பாரதிய நியாய சன்ஹிதா, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பாரதிய சாக்ஷிய அதிநியம் வந்தன. 1860, 1973, 1872 ஆண்டுகளின் சட்டங்கள் மீதான விளக்கவுரைகள் அலமாரி அலமாரியாக எல்லாச் சட்ட நூலகங்களிலும் இருக்கின்றன. புதியவை வந்ததும் பழையவற்றைக் கழித்துவிடலாமா?

கூடாது. அந்த நாளுக்கு முன் நடந்த குற்றத்துக்குப் பழைய தண்டனைச் சட்டமே பொருந்தும். புதிய சட்டத்தின் காப்புப் பிரிவே அதைச் சொல்கிறது. அத்தகைய வழக்குகளும் அவற்றின் மேல்முறையீடுகளும் இன்னும் பல ஆண்டுகள் நடக்கும். புதிய பிரிவுகளில் பெரும்பாலானவை பழையவற்றின் மறுவடிவம் என்பதால், அவற்றைப் புரிந்துகொள்ளும் தீர்ப்புகள் பழைய எண்ணின் கீழேதான் கிடக்கின்றன. கொலைக்கான தண்டனை 302இலிருந்து 103க்குப் போனது. இதைவிடச் சிக்கலானது 482. பழைய குற்ற விசாரணை முறைச் சட்டத்தில் அது உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம். புதிய சன்ஹிதாவில் அதே எண் முன்ஜாமீன். உள்ளார்ந்த அதிகாரம் 528க்குப் போய்விட்டது. முன்ஜாமீனோ பழைய 438இலிருந்து வந்தது. ‘482’ என்று மட்டும் சொல்லி நூல் கேட்கும் மாணவருக்கு எந்தச் சட்டம், எந்த நாளைய நிகழ்வு என்று கேட்டுத்தான் நூலை எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அலமாரியில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதும், பழைய-புதிய பிரிவு ஒப்பீட்டு அட்டவணை மேசைமேல் இருப்பதும் இப்போதைய அவசியம்.

இந்தியாவில் நீக்கப்பட்ட அந்தச் சட்டங்கள் வேறிடங்களில் உயிரோடு இருக்கின்றன. சிங்கப்பூர், மலேசியா, இலங்கை ஆகிய நாடுகளின் தண்டனைச் சட்டமும் சாட்சியச் சட்டமும் அதே வேரில் முளைத்தவை. இலங்கையின் சாட்சியக் கட்டளைச் சட்டம் 1895இல் வந்தது. 1872ஆம் ஆண்டுச் சட்டத்தின் மீதான இந்திய விளக்கவுரைகள் அந்நாட்டு ஆய்வுக்கு இன்றும் பயன்படும். 1932இல் தொடங்கிய மலாயன் லா ஜர்னல் போன்றவை சென்னை ஆய்வாளருக்குப் பயன்படும். அயல்நாட்டு நூல் என்றால் ஆங்கிலேய, அமெரிக்க நூல்தான் என்ற பழக்கம் மாற வேண்டும். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காறுகளை 1707இல் டச்சுக்காரர் தொகுத்த தேசவழமை, இன்றும் அங்கே நடைமுறையில் இருக்கும் சட்டம். தமிழ்நாட்டுச் சட்ட நூலகம் ஒன்றில் அதைப் பற்றிய நூல்கள் இல்லாவிட்டால் அது பெருங்குறை.

மாநிலச் சட்டத்திலும் இதே கதைதான். 1960ஆம் ஆண்டின் கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டத்துக்குப் பதிலாக 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. சென்னை வாடகை வழக்குகளில் ஊறிய அரை நூற்றாண்டுத் தீர்ப்புகள் பழைய சட்டத்தின் மீதானவை. நீக்கப்பட்ட ஒவ்வொரு சட்டத்துக்கும் அதன் கடைசி முழு விளக்கவுரை ஒரு படியும், இடையில் திருத்தம் வந்த ஒவ்வொரு கட்டத்தின் சட்ட வாசகம் ஒரு படியும் இருந்தால், ஒரு குறிப்பிட்ட நாளில் சட்டம் எப்படி இருந்தது என்று கண்டுபிடிக்கலாம். மலிவு விலை ‘பேர் ஆக்ட்’ பழைய பதிப்புகளைக் குப்பைக்கு அனுப்பும் நூலகம் அந்த வழியை அடைத்துவிடுகிறது.

வேறெங்கும் இல்லாதவை

தேசியப் பதிப்பகங்களின் விளக்கவுரைகளில் தமிழ்நாட்டுத் திருத்தங்கள் பெரும்பாலும் ஓர் அடிக்குறிப்பு அளவே பெறும். 1967இல் இந்துத் திருமணச் சட்டத்தில் சேர்ந்த 7-ஏ பிரிவு சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் தந்தது. 1989இல் தமிழ்நாடு கொண்டுவந்த வாரிசுரிமைத் திருத்தம் மகளுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் பிறப்புரிமை வழங்கியது. மத்தியச் சட்டம் அந்த நிலைக்கு வர 2005 ஆயிற்று. இவற்றைப் பற்றிச் சட்டமன்றத்தில் நடந்த விவாதம், அரசிதழ் அறிவிக்கை, அதன் பின் வந்த உயர் நீதிமன்றத் தீர்ப்புகள், தமிழில் எழுதப்பட்ட சிறு வெளியீடுகள் எல்லாம் ஒன்றாகக் கிடைக்க வேண்டிய இடம் சென்னைச் சட்ட நூலகம். இந்து சமய அறநிலையச் சட்டங்கள், இனாம் ஒழிப்புச் சட்டங்கள், நீதிமன்றக் கட்டணச் சட்டம், இட ஒதுக்கீடு பற்றிய 1993ஆம் ஆண்டுச் சட்டம் ஆகியவையும் இதே வகை. 1954இன் ஷிரூர் மடத் தீர்ப்பு நாடெங்கும் கற்பிக்கப்படுகிறது. அந்த வழக்கைப் பிறப்பித்த மெட்ராஸ் அறநிலையச் சட்டத்தின் வரலாற்றை ஆராய விரும்புபவர் சென்னைக்குத்தான் வர வேண்டும்.

இவற்றின் தொல்லை என்னவென்றால், இவை மெலிந்தவை, மலிவானவை, பட்டியலில் வராதவை. பெரிய விநியோகஸ்தர் அனுப்பும் புத்தகப் பட்டியலில் சிறு பதிப்பாளரின் நூற்றிருபது பக்க விதித்தொகுப்பு இராது. உயர் நீதிமன்றத்தைச் சுற்றியுள்ள சட்டப் புத்தகக் கடைகளுக்கு நூலகத்திலிருந்து ஒருவர் நேரில் போய்ப் பார்த்து வாங்கினால்தான் வரும். அந்த நடையை ஒரு பணியாளரின் வேலையாகக் கொள்கையிலேயே எழுதிவைப்பது, இன்னொரு தரவுத்தளச் சந்தாவைவிட நூலகத்துக்கு நன்மை செய்யும்.

தமிழ்ச் சட்ட நூல்களின் இடமும் இங்கேதான். மாயூரம் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை, உயர் நீதிமன்றத்துக்கு முன்பிருந்த சதர் நீதிமன்றத்தின் தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்துச் ‘சித்தாந்த சங்கிரகம்’ என்று 1862இல் வெளியிட்டார். உயர் நீதிமன்றம் பிறந்த அதே ஆண்டு அது. மாநில ஆட்சிமொழி (சட்டம்) ஆணையம் வெளியிடும் ‘தீர்ப்புத் திரட்டு’, சட்டச் சொல் அகராதிகள், உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளின் தமிழ் மொழிபெயர்ப்புகள் எனப் பிற்காலத்தில் பல சேர்ந்திருக்கின்றன. அரசமைப்பின் 348ஆம் பிரிவுப்படி உயர் நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலமாக இருந்தாலும், கீழ் நீதிமன்றங்களில் தமிழ் நடக்கிறது. தமிழ்வழிப் பள்ளியிலிருந்து வரும் மாணவருக்குக் கைடு மட்டுமே தமிழில் கிடைக்கும் நிலை அநீதியானது. நல்ல தமிழ்ச் சட்ட நூல் ஒன்று வந்தால், நூலகம் தயங்காமல் பல படிகள் வாங்க வேண்டும். பதிப்பாளருக்கு அடுத்த நூலைப் போடும் தெம்பும் அதனால் வரும்.

பார்வையற்ற மாணவர்களின் தேவையும் வாங்கும்போதே நினைவில் இருக்க வேண்டும். 2012ஆம் ஆண்டுத் திருத்தம் பதிப்புரிமைச் சட்டத்தில் 52(1)(zb) பிரிவைச் சேர்த்து, அவர்கள் படிக்கும் வடிவில் நூலை மாற்ற அனுமதி தந்தது. திரை வாசிப்பு மென்பொருளால் படிக்க முடியாத, படமாக மட்டும் உள்ள மின்னூலை வாங்குவது அந்த உரிமையைக் காகிதத்தோடு நிறுத்திவிடும்.

யார் முடிவு செய்வது, எதைக் கழிப்பது

நடைமுறையில் நூல் பட்டியல் ஆசிரியர்களின் பரிந்துரையிலிருந்து தொடங்கி, நூலகக் குழுவின் ஒப்புதல், விலைப்புள்ளி, கழிவு விகிதம், நிதி அலுவலரின் கையெழுத்து என்று நகர்கிறது. பரிந்துரைப்பவர் இருக்கும் பாடம் வளரும். ஆசிரியர் இடம் காலியாக உள்ள பாடம் வறளும். ஓய்வுபெற்ற பேராசிரியரோடு ஒரு துறையின் சேகரிப்பே நின்றுபோவது பல கல்லூரிகளில் கண்ட உண்மை. நிதியாண்டு முடிவில் மிஞ்சிய பணத்தை மார்ச் மாதத்துக்குள் செலவிட வேண்டிய அவசரமும் தேர்வைக் கெடுக்கிறது. அந்த மாதத்தில் எது உடனே கிடைக்கிறதோ அது வாங்கப்படுகிறது. எழுதிவைத்த கொள்கை ஒன்று இருந்தால், பொருள்வாரி நிலைகளைப் பார்த்து நூலகர் ஆண்டு முழுவதும் வாங்கலாம். குழு அவரைத் தடுக்கவும் வழிகாட்டவும் அதே ஏடு பயன்படும்.

கழிப்பதில் பயம் அதிகம். நூல் சேர்க்கைப் பதிவேட்டில் ஏறிய சொத்து. தணிக்கையில் எண்ணிக்கை குறைந்தால் நூலகரின் பணப்பலனில் கைவைப்பார்களோ என்ற அச்சம் எங்கும் உண்டு. மத்திய அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகள் இதில் நிதானமானவை. ஓர் ஆண்டில் வழங்கப்பட்ட அல்லது பார்வைக்கு எடுக்கப்பட்ட ஆயிரம் நூலுக்கு ஐந்து நூல் தொலைவதை, நேர்மைக்கேடோ கவனக்குறைவோ இல்லாதவரை, இயல்பான இழப்பாக அவை ஏற்கின்றன. இருபதாயிரம் நூலுக்கு மேற்பட்ட நூலகங்களுக்கு ஆண்டுதோறும் முழு எண்ணிக்கை தேவையில்லை என்கின்றன. கழிக்கத் தக்கவை பழைய கைடுகள், புதிய பதிப்பு வந்துவிட்ட பாடநூலின் உபரிப் படிகள், வேறெங்கும் இலவசமாகக் கிடைக்கும் அச்சுத் தொகுதிகளின் இரட்டைப் படிகள். ஒற்றைப் படி எதையும், அது எவ்வளவு பழையதானாலும், குழுவின் ஒப்புதலின்றிக் கழிக்கக் கூடாது.

நன்கொடைக்கும் இதே கண்டிப்பு வேண்டும். மயிலாப்பூர், லஸ், அபிராமபுரம் வீடுகளில் இரண்டு மூன்று தலைமுறை வழக்கறிஞர்கள் சேர்த்த கண்ணாடி அலமாரிகள் இருக்கின்றன. வீடு அடுக்ககமாக மாறும்போது வாரிசுகள் அவற்றை நூலகத்துக்குத் தர விரும்புவார்கள். லா ரிப்போர்ட் தொகுதிகள் முக்காலும் ஏற்கெனவே நூலகத்தில் இருப்பவை. விடுபட்ட தொகுதி எண்களை மட்டும் ஒப்பிட்டு எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அதே அலமாரியின் கீழ்த்தட்டில் கிடக்கும் மேல்முறையீட்டு அச்சுத் தாள்கள், ‘பேப்பர் புக்’ என்பவை, வழக்கின் ஆவணங்களையும் சாட்சியங்களையும் கொண்டவை. ஓரங்களில் வாதக் குறிப்புகள் எழுதிய சட்ட நூல்களும் அங்கே இருக்கும். வாரிசுகள் பழைய பேப்பர் என்று எடைக்குப் போடுவது பெரும்பாலும் இவற்றைத்தான். நூலகர் முதலில் கேட்க வேண்டியதும் இவற்றைத்தான்.

எல்லாவற்றையும் ஒரே நூலகம் சேர்க்க முடியாது. சென்னையில் அதற்குத் தேவையும் இல்லை. 1896இல் திறந்த கன்னிமாரா நூலகம், 1954ஆம் ஆண்டு நூல் ஒப்படைப்புச் சட்டத்தின்படி இந்தியாவில் வெளியாகும் நூல்களைப் பெறும் இடங்களில் ஒன்று. கோட்டூர்புரத்தில் 2010இல் வந்த அண்ணா நூற்றாண்டு நூலகம், எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம், கடற்கரையில் சென்னைப் பல்கலைக்கழக நூலகம், தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், உயர் நீதிமன்ற வளாகத்தில் வழக்கறிஞர் சங்க நூலகங்கள் என ஒரு வட்டம் இருக்கிறது. காலனிய கால நிர்வாக ஆவணங்களுக்குக் காப்பகத்தை நம்பலாம். பொதுச் சமூகவியல் நூல்களுக்குக் கோட்டூர்புரத்தை நம்பலாம். சட்டக் கல்லூரிகளுக்குள்ளும் இந்தப் பங்கீடு அவசரமானது. 2018இல் சென்னை அரசு சட்டக் கல்லூரி புதுப்பாக்கத்துக்கும் பட்டரைப்பெரும்புதூருக்குமாகப் பிரிந்தது. பாடநூலை இரு இடத்துக்கும் புதிதாக வாங்கலாம். 1891இல் தொடங்கும் இதழ் வரிசையை இரண்டாக வெட்ட முடியாது, மறுபடி வாங்கவும் முடியாது. எந்த வரிசை எந்தக் கல்லூரியில் முழுமையாக இருக்கிறது, எங்கே எந்தத் தொகுதி குறைகிறது என்ற கூட்டுப் பட்டியல் ஒன்றை, எல்லாச் சட்டக் கல்லூரிகளையும் இணைத்துவைத்திருக்கும் பல்கலைக்கழகமே தயாரிக்க முடியும். அதன் பின் ஒவ்வொரு கல்லூரியும் எந்தப் பொருளை முழுமையாகச் சேர்ப்பது என்று பொறுப்பைப் பிரித்துக்கொள்ளலாம்: திருநெல்வேலி கடலோர, மீன்பிடிச் சட்டத்தை, கோவை தொழிலாளர் சட்டத்தை, மதுரை அங்குள்ள உயர் நீதிமன்றக் கிளையின் தீர்ப்புகளை. கேட்ட பக்கத்தை ஒளிவருடி ஒரே நாளில் அனுப்பும் ஏற்பாடு இருந்தால், திருநெல்வேலி மாணவர் ஒரு தொகுதிக்காகச் சென்னைக்கு ரயிலேற வேண்டியதில்லை.